கேலரி என்றால் எந்தக் கேலரி?

ஜனவரி 19, மாலை 6.10 (நெல்லிக்குப்பத்துத் தம்பி கேட்டது)

அண்ணே, கால்பந்து ஸ்டேடியத்தை வைத்து இன்ஸ்டலேஷன் (ஒரு இடத்தையே கலைப்படைப்பாக்குவது) செய்கிறவர்களைப் பற்றி ஒரு வாரமாகப் படிக்கிறேன். ஆஸ்திரியாவில் ஒருத்தர் மைதானம் முழுக்க மரம் வைத்தாராம். ஜனம் கேலரியில் உட்கார்ந்து காட்டை வேடிக்கை பார்த்ததாம். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. 2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் ரசிகர்கள் நிறுத்திய கட்அவுட்டை மிஞ்சிய இன்ஸ்டலேஷன் கிடையாது. பந்து விஷயத்தில் கலைஞர்கள் செய்வதெல்லாம் ரசிகன் செய்ததன் ஜெராக்ஸ். நீங்கள் பந்தல் போடுகிறவர், புதுச்சேரியில் கண்காட்சிக்கும் கட்டிக் கொடுத்தவர். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜனவரி 19, இரவு 11.40

கட்அவுட் சரி. ஜெராக்ஸ் சரியில்லை. நாளை மஞ்சக்குப்பத்தில் ஒரு காதணி விழா, விடியற்காலை நாலு மணிக்கு வண்டி ஏற்ற வேண்டும். வந்து எழுதுகிறேன்.

ஜனவரி 20, இரவு

முதலில் புள்ளாவூர். அர்ஜென்டினா ரசிகர்கள் ஆற்று நடுவில் 30 அடி மெஸ்ஸியை நிறுத்தினார்கள். பிரேசில் ஆட்கள் சும்மா இருப்பார்களா? 40 அடி நெய்மார். அப்புறம் போர்ச்சுகல்காரர்கள் அதையும் தாண்டிய ஒரு ரொனால்டோவோடு வந்தார்கள். ஃபிஃபாவே அந்தப் படத்தை எடுத்துப் போட்டது. எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். ஓடுகிற தண்ணீருக்கு நடுவில் 30 அடி நிற்கிறது என்றால் பின்னால் எத்தனை முட்டு, காற்று எந்தப் பக்கம்? தொழில் புத்தி.

அதில் பேச்சே உயரம்தான். பத்து அடி கூட்டினால் அது பதில். இன்னும் பத்து அடி கூட்டினால் பதிலுக்குப் பதில். நம் ஊர் சினிமாக் கொட்டகை வாசலில் பழகிய கணக்கு.

கேரளத்துக்கு நடுவில் இருக்கிற மாஹேயும் நம் புதுச்சேரிதான் என்று அங்கிருந்து ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். தெரியும் ஐயா. ஆனால் பந்து விஷயத்தில் நீங்கள் வேறு நாடு, பாஸ்போர்ட் கேட்காமல் விடுகிறோம், அவ்வளவுதான்.

ஜனவரி 23

இரண்டு நாளாக ஒரு வார்த்தை மண்டைக்குள் ஓடுகிறது. நமக்குக் கேலரி என்றால் முதலில் சர்க்கஸ் கேலரி. அப்புறம் மைதானத்துக் கேலரி. படம் மாட்டுகிற கேலரி கடைசியாக வந்தது. புதுச்சேரியிலிருந்து முதல்முறை ஒருவர் போன் செய்து, “எங்கள் கேலரிக்குள் ஒரு கேலரி கட்ட வேண்டும்” என்றார். “சார், ஒரே விஷயத்தை ஏன் இரண்டு தடவை சொல்கிறீர்கள்?” என்றேன். அவர் சிரித்ததில் அரை நிமிடம் போயிற்று. அந்த வேலையைப் பற்றிப் பிறகு.

ஜனவரி 25, ஞாயிறு, வேலை இல்லை, அதனால் நீளம்

தம்பி கேட்டதற்கு என் பதில் சின்ன வயதில் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கடலூரில் ஓ.டி. (ஓல்டு டவுன்) பையன்களுக்கும் என்.டி. (நியூ டவுன்) பையன்களுக்கும் பந்தாட்டம் என்றால் ஊர் இரண்டுபடும். நான் என்.டி. பக்கம், லெஃப்ட் பேக். அப்பாதான் கேலரி கட்டுவார். சவுக்குக் கம்பு, தேங்காய் நார்க் கயிறு, மேலே பலகை, ஏழு படி. அளவு நாடா எடுக்கவே மாட்டார். முதல் படியில் என்னை உட்கார வைத்து, இரண்டாம் படியில் அவர் உட்காருவார். என் தலைக்கு மேல் நாலு விரல் வைத்து, அதற்கு மேலாக எதிர்ப்பக்கக் கோடு தெரிந்தால் போதும். படி உயரம் அதிலிருந்து வரும்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, பெரிய ஸ்டேடியம் கட்டுகிறவர்களும் இதையே கணக்குப் போடுகிறார்கள், சி-வேல்யூ என்று பெயர். பின்னால் இருப்பவன் பார்வை முன்னால் இருப்பவன் கண்ணுக்கு எவ்வளவு மேலாகப் போகிறது என்பது. 120 மில்லிமீட்டர் இருந்தால் ராஜ யோகம், 90 நல்லது, 60க்குக் கீழே போகக் கூடாது. அவர்கள் கண்ணிலிருந்து அளக்கிறார்கள், அப்பா உச்சந்தலையிலிருந்து. அப்படியென்றால் அப்பா கேலரி ராஜ யோகத்துக்கும் மேலே. அவர் உயிரோடு இருந்தால் இதைச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டிருப்பேன்.

சரி, விஷயம் இது. நாலரை மணி ஆட்டம். அப்பா மேற்குப் பக்கம் மட்டும் கேலரி கட்டி மேலே கீற்றும் போடுவார். கிழக்கில் வெறும் கயிறு. மேற்கில் இருப்பவனுக்கு வெயில் முதுகில். கிழக்கில் நிற்பவனுக்குக் கண்ணுக்குள். ஓ.டி. ஆட்களுக்கு எப்போதும் கிழக்கு. பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறும், ஜனம் மாறாது. ஒரு வருடம் தோற்றுவிட்டு அவர்கள் கத்தியது எங்கள் கோல்கீப்பரைப் பார்த்து இல்லை, அப்பாவின் கேலரியைப் பார்த்து: “நிழல்ல உக்காந்து ஜெயிச்ச பசங்களா!” இன்றும் மீன் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் இதைச் சொல்கிற ஒரு பெரியவர் இருக்கிறார்.

உலகத்துப் பெரிய மைதானங்களையும் கவனியுங்கள். ஆடுகளம் பெரும்பாலும் வடக்கு தெற்காக இருக்கும், முக்கியமான கேலரி மேற்கில். காரணம் இதே வெயில்தான். பகையில் பாதியைக் கட்டுகிறவன் செய்துவிடுகிறான் என்பது என் கட்சி.

ஜனவரி 27

அப்படியானால் கலைஞன் என்ன செய்கிறான்? இத்தாலிக்காரர் மவுரிசியோ கட்டெலான் 1991இல் ஒரு மேஜைக் கால்பந்து செய்தார். ஸ்டேடியம் என்று பெயர். கம்பியைத் திருகி ஆடுவோமே, அதுதான். ஆனால் பக்கத்துக்கு 11 ஆள் நின்று ஆடுகிற நீளம். யாரும் ஆடாமல் கண்காட்சியில் சும்மா நிற்கும்போதே அது ஏதோ செய்கிறது. இவ்வளவு நீளத்துக்கு மேஜை இருந்தால் எதிரில் இருப்பவனோடு சண்டை போடாமல் என்ன செய்வது?

ஜனவரி 28

திருத்தம். நான் எழுதியது போல அது சும்மா நிற்கவில்லை. நன்றாகவே ஆடினார்கள். கட்டெலான் ஒரு அணியையே உருவாக்கியிருந்தார், இத்தாலிக்கு வேலை தேடி வந்த செனகல்காரர்களை வைத்து. எதிர்ப்பக்கம் வெள்ளைக்கார இத்தாலியர்கள். செனகல்காரர்கள் பனியனில் ரவுஸ் என்று இல்லாத ஒரு கம்பெனியின் பெயர். ஜெர்மனில் அது “வெளியே போ” என்பது போல ஒலிக்கும். விரட்டுகிற வார்த்தையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு நேற்று எழுதியது எனக்கே சப்பென்று இருக்கிறது. அழிக்காமல் விடுகிறேன்.

பிப்ரவரி 1

இப்போது புதுச்சேரி வேலை. பெயர்கள் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம், உப்பளம் பக்கம் ஒரு பழைய கிடங்கு. கலைஞருக்கு முப்பது வயது இருக்கும். கேட்டது சுலபம்: ஏழு படிக் கேலரி இரண்டு, எதிரெதிரே, நடுவில் ஐந்து அடி. ஆடுகளம் கிடையாது, பந்து கிடையாது. வருகிறவர்கள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும்.

முதல் தகராறு குறுக்குக் கட்டையில். பின்னால் பெருக்கல் குறி போலக் கட்டுவோமே, அது அவருடைய “கோட்டைக் கெடுக்கிறது”, எடுத்துவிடுங்கள் என்றார். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்கோட்டில் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் கால்பந்து) ஆட்டத்துக்குப் போட்ட தற்காலிகக் கேலரி ஜனத்தோடு சரிந்தது, நிறையப் பேருக்கு அடி. அந்த வீடியோவை போனில் காட்டினேன். கேலரி விழுவதைப் பார்த்தால் மரம் முறிகிற மாதிரி இருக்காது, ஒருக்களித்துப் படுக்கும். பக்கவாட்டு ஆட்டத்தைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் அப்படித்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. கட்டை இருந்தது.

இரண்டாவது, வண்ணம். ஒரு பக்கம் ஒரு வண்ணம், எதிர்ப்பக்கம் இன்னொன்று. இதற்கு மட்டும் நாலு நாள். கம்பு நுனியில் பூசிப் பார்ப்பதும் “இது அந்தக் கட்சி” என்று துடைப்பதும். நம் ஊரில் எந்த இரண்டு வண்ணத்தைச் சேர்த்து வைத்தாலும் ஒரு கொடி வந்துவிடும். கடைசியில் ஊதாவும் ரோஸும். கல்யாண ஐஸ்கிரீம் மாதிரி இருந்தது.

திறப்பு அன்று ஜனம் வந்தது. எல்லோரும் ரோஸ் பக்கமே உட்கார்ந்தார்கள். ஊதாப் பக்கம் ஒரு அம்மா மட்டும் பையை வைத்துவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தார். கலைஞர் கலங்கிப்போய், வண்ணத்தின் மனோதத்துவம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிளக் பாயிண்டைக் காட்டினேன். கிடங்கில் ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேன். அது ரோஸைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் நடு ஐந்தடியில் என் ஆள் ஒருவன் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டான். அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் கத்த ஆரம்பித்தது. ஒரு கோடு, ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பிப்ரவரி 2

ஆஸ்திரிய மரக் கதையைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். கிளாகன்ஃபர்ட் ஊரின் வோர்தர்சே ஸ்டேடியம், 30,000 பேர் கொள்ளும். 2019 செப்டம்பர், அக்டோபரில் கிளவுஸ் லிட்மன் என்பவர் ஆடுகளத்தில் 300 மரம் வைத்தார். மாக்ஸ் பைன்ட்னர் என்ற ஓவியர் 1970 வாக்கில் வரைந்த ஒரு படம்தான் மூலம். அதில் ஸ்டேடியத்துக்குள் காடு, சுற்றி ஜனம். இனி மரத்தையும் டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டி வரும் என்கிற பயம். ஆனால் லிட்மன் அனுமதி இலவசம் என்றார்.

பிப்ரவரி 2, பத்து நிமிடம் கழித்து

299. முந்நூறு இல்லை. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்று என் மனைவி கேட்கிறாள். மொய்க்கு ஒன்று கூட்டித்தான் பழக்கம் நமக்கு.

பிப்ரவரி 4

ஒரு மனக்குறை. அந்தக் கிடங்கு வாசலில் கலைஞர் பெயர், கீழே பொருட்கள்: சவுக்கு, தேங்காய் நார்க் கயிறு, எண்ணெய்ப் பெயின்ட். கயிற்றுக்குப் பெயர் இருந்தது, முடிச்சுப் போட்டவனுக்கு இல்லை. பாக்கித் தொகையில் கொஞ்சம் இன்னும் வரவேண்டும், அது வேறு.

இதைச் சொன்னால் நான் மட்டும் புலம்புகிறேன் என்று நினைப்பீர்கள். கட்டெலானுக்கு மெழுகு உருவங்கள் செய்து கொடுத்த பிரெஞ்சுச் சிற்பி தானியேல் த்ருவே, அவற்றின் ஆசிரியன் நான்தான் என்று வழக்குப் போட்டார். 2022இல் பாரிஸ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆக எனக்கு பாரிஸ் கோர்ட்டிலும் நியாயம் கிடைக்காது, கடலூர் கோர்ட்டிலும் கிடைக்காது.

பிப்ரவரி 8

பெரிய திருத்தம். கோடு போட்டதாக எழுதினேனே, அந்தப் பையன் படித்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டான். “அண்ணே, சத்தம் ரெண்டாம் நாளே வந்துடுச்சு. நீங்க டீக்குப் போயிருந்தீங்க.”

அவன் சொன்னது இது. இரண்டாம் நாள் ஃபேன் பக்கம் இடம் நிறைந்து, மிச்சப் பேர் வேறு வழியில்லாமல் ஊதாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், வேர்த்து ஊற்ற. மூன்றே கால் மணிக்குக் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றதும் ரோஸ் பக்கம் முழுக்க “ஓ...” என்று ஒரு இழுப்பு. ஊதாப் பக்கம் கைதட்டல். ஒரு ஆள் எழுந்து நின்று விசில். ரோஸ் பக்கத்திலிருந்து ஒரு கிழவர், “உங்களுக்கும்தாண்டா வேர்க்குது!” பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்ததும் ரோஸ் பக்கம் கோல் போட்ட மாதிரி துள்ளியதாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் கோடு போட்டிருக்கிறான், மைதானம் என்றால் கோடு வேண்டாமா என்று.

நான் இரண்டு வருடமாகக் கோடுதான் பகையை உண்டாக்கியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். நடந்தது ஒரு ஃபேன். அப்பாவின் மேற்குக் கேலரி, கீற்று, நிழல். அதேதான்.

பிப்ரவரி 9, அதிகாலை, தூக்கம் வரவில்லை

அந்த “ஓ...” என்னை விடவில்லை. பால் ஃபைஃபர் என்று ஒரு கலைஞர். 2007இல் லண்டனில் வெம்ப்ளி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கிடங்கு முழுக்க ஸ்பீக்கர் வைத்தார். அதில் ஓடியது 1966 உலகக் கோப்பை இறுதியாட்டம், இங்கிலாந்துக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் நடந்ததன் கூட்டச் சத்தம். ஆனால் கத்தியது இங்கிலீஷ்காரர்கள் இல்லை. மணிலாவில் ஒரு தியேட்டரில் ஆயிரம் பிலிப்பைன்ஸ்காரர்களைச் சேர்த்து, அந்த ஆட்டத்தின் கோஷத்தைச் சொல்லிக்கொடுத்துக் கத்த வைத்துப் பதிவு செய்தார். உள்ளே போகிறவருக்கு முதலில் புல்லரிக்கும், யார் கத்தியது என்று தெரிந்ததும் அந்தப் புல்லரிப்பையே சந்தேகப்பட வேண்டிவரும். கூலிக்குக் கத்துவது நமக்குப் புதிதா என்ன, லாரியில் ஏறி வந்து கைதட்டிவிட்டுப் பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்புகிற கூட்டத்துக்கு நானே எத்தனை பந்தல் போட்டிருக்கிறேன்.

இதே ஆள் பிறகு பத்து லட்சம் இருக்கை உள்ள ஒரு ஸ்டேடியத்தின் மாதிரியும் செய்தார். கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1997 ஜூலையில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்துக்கு வந்தது 1,31,781 பேர், ஈஸ்ட் பெங்காலின் பூட்டியா மூன்று கோல், 4-1 என்று அவர்களுக்கு வெற்றி. அந்தக் கூட்டமே நமக்கு மலைப்பு. பத்து லட்சத்தில் கடைசிப் படியில் இருப்பவனுக்குப் பந்து கடுகு அளவுகூடத் தெரியாது. நாலு விரல் கணக்கு அங்கே செல்லாது.

கொல்கத்தா என்றதும் நினைவு வருகிறது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். சமையலறை வரைக்கும் கேலரி.

பிப்ரவரி 9, காலை

தம்பிக்கு இப்போது நேர் பதில். ரசிகன் கூட்டுகிறான்: 30 அடி, 40 அடி. கலைஞன் கழிக்கிறான். லிட்மன் ஆட்டத்தைக் கழித்துவிட்டு இருக்கையை விட்டார். ஃபைஃபர் ஆட்டத்தையும் ஆளையும் கழித்துச் சத்தத்தை விட்டார். நம் கிடங்கில் பந்தைக் கழித்தார்கள், மிஞ்சியது ஃபேன். ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாம் அப்படியே வரும். இங்கே ஒன்று காணாமல் போகிறது.

பிப்ரவரி 11

கழித்தல் கணக்கு என்று பெருமையாக எழுதி இரண்டு நாள் ஆகவில்லை, நானே ஓட்டை கண்டுபிடித்துவிட்டேன். குஸ்தாவோ அர்டிகாஸ், மெக்சிகோ கலைஞர், 2000-01இல் அமெரிக்க எல்லையோரம் டிஹுவானாவில் செய்தது. ஒரே உள்ளரங்கு. அதில் இரண்டு மெக்சிகோ அணிகள் கால்பந்து ஆடுகின்றன, அதே தளத்தில் அதே நேரத்தில் இரண்டு அமெரிக்க அணிகள் கூடைப்பந்து ஆடுகின்றன. இவர் கழிக்கவே இல்லை, கூட்டியிருக்கிறார். நாலு அணியும் ஒன்றுக்கு நடுவில் ஒன்று புகுந்து இரண்டு ஆட்டத்தையும் ஆடின. மாட்டுப்பொங்கல் அன்று ஒரே தெருவில் கோலப் போட்டியும் பையன்களின் கிரிக்கெட்டும் நடக்கிற மாதிரி.

ஆக என் சூத்திரம் காலி. தம்பி, நீ சொன்னதும் காலி. டிரா.

பிப்ரவரி 15

வண்ணத்துக்கு நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் மியூனிக் ஆட்கள் மேல் பொறாமை. 2005இல் திறந்த அலியான்ஸ் அரீனா, ஹெர்சாக் டி மியூரோன் வடிவமைப்பு. வெளிச்சுவர் முழுக்கக் காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தைகள், உள்ளே விளக்கு. பயர்ன் மியூனிக் அணி ஆடினால் கட்டிடமே சிவப்பு, அதே ஊர் 1860 அணி ஆடினால் நீலம். எதிரிகள் இருவருக்கும் ஒரே வீடு, சுவிட்ச் மட்டும் வேறு. இன்றைக்கும் அப்படியே.

பிப்ரவரி 16

இன்றைக்கும் அப்படியே இல்லை. 1860 அணி 2017இல் அங்கிருந்து போய்விட்டது. கூட்டுக் குடித்தனம் நம் ஊரிலேயே நிற்பதில்லை.

பிப்ரவரி 20

மகள் இதையெல்லாம் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: “அப்பா, இத்தனை மைதானத்துல ஒரு பொண்ணுகூட இல்லையே?” அண்ணா விளையாட்டரங்கத்தில் மாலையில் பந்து பழகுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவள், கேட்க உரிமை உண்டு. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் இறுதியாட்டத்தில் மணிப்பூரை வென்று முதல்முறை தேசியப் பட்டம் எடுத்தபோது, நான் கட்டிய எந்தக் கேலரியும் அவர்களுக்கானது இல்லை. பெண்கள் ஆட்டத்துக்குக் கேலரி கட்டச் சொல்லி இன்றுவரை எனக்கு ஒரு போன் வந்ததில்லை. வந்தால் கயிறு கூலி மட்டும் போதும்.

அவளுக்குப் பிடித்தது டென்மார்க் ஓவியர் அஸ்கர் யோர்ன் யோசித்த முக்கோணக் கால்பந்து. அறுகோண ஆடுகளம், மூன்று அணி, மூன்று கோல். அதிகம் போட்டவன் ஜெயிப்பதில்லை, குறைவாக வாங்கியவன் ஜெயிக்கிறான். இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவனை அடிக்கலாம், அடுத்த நிமிடம் கூட்டணி மாறலாம். “இதுக்கு எத்தனை கேலரி கட்டுவீங்க?” என்கிறாள். மூன்று என்றேன். “ஃபேன்?”

மார்ச் 5

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் பந்தல். தீர்த்தவாரிக்குச் சாமிகள் வரிசையாக வந்து நிற்கிற இடத்துக்கு நிழல். சவுக்கு போதாமல் கொல்லையில் கிடந்த பழைய கட்டையும் எடுத்துப் போனோம். நட்ட பிறகுதான் பார்த்தேன், நுனியில் ஊதாவும் ரோஸும். துடைக்க நேரமில்லை.

ஒரு பெரியவர் நிழலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். “என்னப்பா, இது எந்தக் கட்சிப் பந்தல்?”

“சாமி பந்தல்தான் பெரியவரே.”

“அப்ப ஏன் ரெண்டு கலரு?”

பையன் முந்திக்கொண்டான்: “ஒண்ணு ஃபேன் இருக்கிற பக்கம், இன்னொண்ணு இல்லாத பக்கம்.” பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஃபேன் எந்தப் பக்கம் என்று கேட்டார்.